தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கடல் நிலவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒகேனக்கல்லில் காவிரி செங்காவியாக இறங்கும். அந்த நிறம் முழுக்க வண்டல். 1934ல் மேட்டூர் அணை எழும்பும் வரை அது பெரும்பாலும் தடையில்லாமல் பூம்புகார் வரை போய் வங்கக்கடலின் தரையில் படிந்தது. இப்போது பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தென்பெண்ணையும் அப்படித்தான்: கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் தாண்டி மிஞ்சியது கடலூரில் கடலுக்குள் போகிறது. கடலடியில் கிடக்கும் சேற்றில் ஒரு பங்கு நம் மலைகளிலிருந்து கரைந்து போனது. அதனால் கடலே பார்க்காத ஊரிலிருந்து வருகிறோமே என்று தயங்க வேண்டியதில்லை. தயங்க வேண்டிய இடம் வேறு. பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுத்தோம், டிகிரியில் எந்தப் பாடம் துணைப்பாடமாக இருந்தது என்ற இரண்டு விஷயங்கள்தான் பின்னால் கதவைத் திறக்கின்றன அல்லது மூடுகின்றன. முதலில் அதைப் பார்ப்போம்.

பெயரில் வரும் குழப்பம்

பள்ளியில் "புவியியல்" என்று படித்தது ஜியாகிரபி. நாம் பேசுவது ஜியாலஜி. தமிழில் நிலவியல், சில கல்லூரிகளில் புவியமைப்பியல். விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரை மட்டும் பார்த்து டிக் அடித்துவிட்டு, சேர்ந்த பிறகு துறை மாற்றக் கேட்டு அலைகிறவர்கள் உண்டு. பாடப்பிரிவின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

கடல் சார்ந்த இந்தப் படிப்பு இரண்டாகப் பிரியும். கடல் நிலவியல் கையால் தொடும் பொருளைப் படிக்கிறது: சேறு, மணல், பாறை, சேற்றுக்குள் கிடக்கும் ஃபோராமினிஃபெரா எனும் ஒருசெல் கடலுயிர்களின் ஓடுகள். கடல் புவி இயற்பியல், அதாவது மரைன் ஜியோபிசிக்ஸ், தொட முடியாததைக் கருவியால் அறிகிறது: ஒலியின் எதிரொலி, ஈர்ப்பு விசையின் சிறு மாறுதல், காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கம். வேலைக்குப் போன பிறகு இரண்டும் ஒரே கப்பலில்தான். ஆனால் சேரும்போது கேட்கும் தகுதி வேறு வேறு.

பிளஸ் ஒன்: கணிதத்தை விடாதீர்கள்

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் உள்ள குரூப் எடுங்கள். நான்காவது பாடம் உயிரியலா கணினியா என்பது பெரிய விஷயமில்லை. கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பில் படித்தவருக்கு பி.எஸ்சி. ஜியாலஜியில் இடம் கிடைக்கலாம், அதன் வழியே கடல் நிலவியலுக்கும் போகலாம். ஜியோபிசிக்ஸ் பக்கம் மட்டும் ஏறக்குறைய அடைத்துவிடும்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் பயப்படாமல் ஒரு காரியத்தைத் தொடங்குங்கள். இயற்பியல் புத்தகத்தில் அலைகள், காந்தவியல், ஈர்ப்பு ஆகிய மூன்று பாடங்களின் ஆங்கில வழிப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாளைக்கு வகுப்பில் ஓடும் சொற்களில் பாதி அந்த மூன்று பாடங்களில் இருக்கின்றன.

டிகிரி: இரண்டு வழி

முதல் வழி, பி.எஸ்சி. ஜியாலஜி. நமக்குப் பக்கத்தில் சேலம் அரசு கலைக் கல்லூரி. சற்றுத் தள்ளி திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி. அரசுக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே இணையதளத்தில் விண்ணப்பம்; பிளஸ் டூ முடிவு வரும் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஊரில் பலர் ஜியாலஜி என்ற பாடமே தெரியாமல் இருப்பதால் போட்டி குறைவு என்று நினைத்துத் தாமதிப்பார்கள். துறையில் இடங்களும் குறைவுதான்.

இரண்டாவது வழி, பி.எஸ்சி. இயற்பியல். இதற்கு ஊரை விட்டே போக வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளிலேயே படிக்கலாம். கணிதம் துணைப்பாடமாக இருக்கிறதா என்று மதிப்பெண் பட்டியலில் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் போனால் ஜியோபிசிக்ஸ் திறந்திருக்கும்; கடல் நிலவியல் பெரும்பாலும் மூடிவிடும்.

எது நல்லது என்று கேட்டால் எங்கள் கருத்து இது: பாறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் ஆசை இருந்தால் ஜியாலஜி, கணக்குப் போடும்போது நேரம் போவது தெரியாது என்றால் இயற்பியல். "எது சுலபம்" என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டிலும் சிரமப்படுகிறார்கள்.

ஜியாலஜி எடுத்தவர்களுக்கு ஒரு குறை மூன்று ஆண்டும் தெரியாமலே இருக்கும்: கணிதம் மறந்துபோகும். வகையீடு, தொகையீடு, மடக்கை, திசையன், ஃபூரியர் தொடர் இவ்வளவையும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். இயற்பியல் எடுத்தவர்களுக்கு இதற்கு நேர் எதிர்க் குறை, பாறை அடையாளம் தெரியாது. அதற்கான மருந்து நம் மாவட்டத்திலேயே கொட்டிக் கிடக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க வேண்டிய இரண்டு

கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைகளில் அறுத்து மிஞ்சிய துண்டுகளை வெளியே குவித்திருப்பார்கள். கேட்டால் இரண்டு துண்டு தருவார்கள். "கருப்பு கிரானைட்" ஒன்று, இளஞ்சிவப்பு வரியோடிய "பாரடைசோ" ஒன்று வாங்குங்கள். வியாபாரத்தில் இரண்டுக்கும் கிரானைட் என்றே பெயர். ஆனால் கருப்பு பெரும்பாலும் டோலரைட்; பாறை விரிசலில் உருகிய குழம்பு ஏறி உறைந்த டைக். பாரடைசோ வகை, கிரானைட்டும் நைஸ் எனும் வரிவரியான உருமாறிய பாறையும் கலந்தது. இதைச் சொல்லக் காரணம், கடலடித் தரையின் ஓடு பசால்ட், டோலரைட், காப்ரோ ஆகிய கருப்புக் குடும்பத்தால் ஆனது. கண்டத்தின் ஓடு அந்த இளஞ்சிவப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடல் ஆழமாகவும் கண்டம் உயரமாகவும் இருப்பதற்கு இந்த இரண்டு கல்லின் அடர்த்தி வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். அதைச் சமையலறைத் தராசில் அளந்துவிடலாம்.

ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு, அகலமான பாத்திரம், நூல் போதும். கல்லை நன்றாகக் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து எடை போடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சைபர் ஆக்குங்கள். இப்போது கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. தராசு காட்டும் கிராம் அளவே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. கருப்புத் துண்டு 580 கிராம், தொங்கும்போது 195 என்றால் 2.97. இளஞ்சிவப்பு 530 கிராம், தொங்கும்போது 199 என்றால் 2.66. உங்கள் எண்ணும் இதன் பக்கத்தில் வர வேண்டும்.

வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கல் அடியைத் தொட்டிருக்கும். அப்போது எண் திடீரென்று ஏறிவிடும். மேற்பரப்பில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். கன அளவு கூடி அடர்த்தி குறையும், விரலால் துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அல்லது கல் சிறியது. 50 கிராம் கல்லின் கன அளவு ஏறக்குறைய 17; தராசில் ஒரு கிராம் தவறினாலே நூற்றுக்கு ஆறு பங்கு பிழை. அரைக் கிலோ கல்லில் அதே ஒரு கிராம் அரை சதவீதம்தான். அளவிடும் பிழை முடிவை எவ்வளவு அசைக்கும் என்று கணக்கிடும் இந்தப் பழக்கம்தான் ஜியோபிசிக்ஸில் முதல் பாடம். கையோடு ஒரு காந்தத்தை நூலில் கட்டி இரண்டு கல்லுக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கருப்பு இழுக்கும், உள்ளே மேக்னடைட் இருக்கிறது. கடலடியின் காந்தப் பட்டைகளை 1963ல் வைன், மேத்யூஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கடல் தரை விரிவதற்குச் சான்றாக விளக்கினார்களே, அதன் அடிப்படை இந்தச் சிறு இழுப்புதான்.

இரண்டாவது சோதனைக்கு ஏரி வண்டல் ஒரு கைப்பிடி. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே உள்ள கலங்கலை மட்டும் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் 35 கிராம் கல்லுப்பு போட்டுக் கரையுங்கள். கடல் நீரின் உப்பு அளவு அதுதான். இரண்டையும் குலுக்கி அசையாமல் வையுங்கள். உப்புப் பாட்டிலில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, சில மணி நேரத்தில் தெளியும். மற்றது மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் எச்சரிக்கை: இதற்கு போர்த் தண்ணீர் எடுக்காதீர்கள். நம் பக்கத்துக் கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியமே துகள்களைத் திரட்டிவிடும், இரண்டு பாட்டிலும் ஒன்றுபோலத் தெளிந்து குழப்பும். மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணீர் வேண்டும்.

கடலை மடிக்கணினியில் பார்ப்பது

டிகிரி இரண்டாம் ஆண்டுக்குள் க்யூஜிஐஎஸ் பழகிவிடுங்கள். வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழத் தரவும் இலவசம். 15 வில் வினாடிக்கு ஒரு புள்ளி, அதாவது தரையில் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வங்கக்கடல் பகுதியை மட்டும் வெட்டி ஜியோடிஃப் (இட விவரத்தோடு வரும் படக் கோப்பு) வடிவில் இறக்கி, கடலூரிலிருந்து நேர் கிழக்கே 86 பாகை தீர்க்கரேகை வரை ஒரு கோடு இழுத்து, அதன் குறுக்குவெட்டை வரையுங்கள்.

கரையை ஒட்டி ஒரு மெல்லிய மேடை, பிறகு ஒரு சரிவு, அதற்கப்புறம் 3,000 மீட்டருக்கும் ஆழத்தில் சலிப்பூட்டும் சமவெளி. சரிவு செங்குத்துப் பாறைபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். நெடுக்கு அளவை கிடையளவைவிடப் பல மடங்கு நீட்டப்பட்டிருக்கிறது. கண்டச் சரிவின் உண்மையான சாய்வு சில பாகைகள்தான். படம் போடும்போதெல்லாம் எத்தனை மடங்கு நீட்டினோம் என்று ஓரத்தில் எழுதுங்கள்.

சமவெளி பெங்கால் ஃபேன்: கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய, ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நீண்ட வண்டல் விசிறி. உங்கள் கோடு 85 பாகைக்குப் பக்கத்தில் ஒரு மலைத்தொடரைக் கடக்கிறது, ஆனால் படத்தில் ஒரு மேடும் தெரியாது. எய்ட்டிஃபைவ் ஈஸ்ட் ரிட்ஜ் எனப்படும் அந்தத் தொடர் வண்டலுக்கடியில் முழுதாகப் புதைந்திருக்கிறது. ஈர்ப்பு வரைபடத்தை இறக்கி அதே கோட்டைப் போட்டால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். ஆழம் அளந்தால் தெரியாதது ஈர்ப்பில் தெரிகிறது. இந்தத் துறை எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு படத்தையும் காட்டுங்கள்.

ஒரு சூதானம்: ஜெப்கோவின் எல்லாப் புள்ளியும் அளந்தது அல்ல. கப்பல் போகாத இடத்தைச் செயற்கைக்கோள் கணிப்பில் நிரப்பியிருக்கிறார்கள். நேர்கோட்டில் கீறல்போலத் தெரிவது கப்பல் போன தடம். கடலடி விரிசல் என்று எழுதிவிடாதீர்கள்.

முதுநிலை: எங்கே, எப்படி

பெயரிலேயே இந்தப் படிப்பு இருக்கும் துறை கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது குசாட்டில் இருக்கிறது. கடல் நிலவியலும் கடல் புவி இயற்பியலும் அங்கே தனித்தனிப் பாடங்கள். சேர்க்கை பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வான கேட் (CAT) வழியாக. ஐ.ஐ.டி.கள் நடத்தும் கேட் (GATE) தேர்வு வேறு. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் வருவதால் குழம்பாதீர்கள். கடல் அறிவியல் பள்ளி களமசேரி பக்கத்து முதன்மை வளாகத்தில் இல்லை. எர்ணாகுளம் நகருக்குள் ஏரிக்கரை வளாகத்தில் இருக்கிறது. அறை தேடும் முன் இதைக் கவனியுங்கள். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தருமபுரி வழியாகவே போகிறது. கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லாததால் அங்கிருப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்கு வர வேண்டும்.

மங்களூர் பல்கலைக்கழகத்தின் மரைன் ஜியாலஜி துறை கொணாஜே வளாகத்தில். சேலத்திலிருந்து பாலக்காடு வழியாக ரயில் உண்டு. ஜியோபிசிக்ஸ் மட்டும் வேண்டும் என்றால் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துறை பழையது, நல்ல பெயர் உள்ளது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் அப்ளைடு ஜியாலஜி, அப்ளைடு ஜியோபிசிக்ஸ் இரண்டும் உண்டு. அதற்கு ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு. ஜாம் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருப்பவர்கள் டிசம்பரில் விழித்துக்கொண்டால் ஒரு வருடம் போயிற்று.

வெளியூர் போக முடியாத நிலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலோ பொது ஜியாலஜியில் எம்.எஸ்சி. செய்துவிட்டு, ஆய்வுத் திட்டத்தை மட்டும் கடல் சார்ந்து எடுக்கலாம். இது இரண்டாந்தர வழி அல்ல. கடல் ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களில் பலர் நிலத்துப் பாறையில் தொடங்கியவர்கள்தான்.

தகவல் குறிப்பேட்டைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது கட்டணமல்ல, தகுதி வாசகம். "முதன்மைப் பாடமாக" என்கிறதா, "ஒரு பாடமாக" என்கிறதா என்று பார்த்து உங்கள் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதி, வந்த பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சான்றிதழ். நம் பக்கத்தில் பி.சி., எம்.பி.சி. பிரிவில் வருகிறவர்கள் அதிகம். மாநிலச் சாதிச் சான்றிதழ் ஐ.ஐ.டி.யிலோ மத்திய அரசுத் தேர்விலோ செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வரச் சில வாரம் ஆகலாம். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்பதை ஒவ்வோர் அறிவிப்பிலும் பார்க்க வேண்டும், பழையதை அப்படியே மேலேற்றி நிராகரிக்கப்படுவது வழக்கமான சோகம். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும்.

உதவித்தொகை பக்கம்: அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு டிகிரியின்போது மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைக்கும். முதுநிலை ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் முதலாண்டு மாணவர்களுக்கு ஓ.என்.ஜி.சி. அறக்கட்டளை ஆண்டுக்கு 48,000 ரூபாய் தரும் ஒரு திட்டம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

வகுப்பிலும் ஆய்வகத்திலும் தடுக்கும் இடங்கள்

எதிரொலியில் ஆழம் காண்பது எளிது: நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 4 வினாடி, வேகம் வினாடிக்கு 1,500 மீட்டர் என்றால் 3,000 மீட்டர். அந்த இரண்டால் வகுப்பதை மறப்பவர்கள் முதல் மாதத்தோடு திருந்திவிடுவார்கள். வேகத்தை மாறாத எண்ணாக நினைப்பதுதான் நீண்ட நாள் தொடரும் தவறு. உண்மையான சராசரி வேகம் 1,520 என்றால் ஆழம் 3,040. 40 மீட்டர் போய்விட்டது. வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றாலும் வேகம் மாறும். மழைக்காலத்துக்குப் பின் வங்கக்கடலின் மேல் அடுக்கில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைவாக இருக்கும். காலையில் எடுத்த ஒலிவேக அளவை வைத்துக்கொண்டு கப்பல் வேறு நீருக்குள் போய்விட்டால், மல்ட்டிபீம் (ஒரே நேரத்தில் பல ஒலிக்கதிர்களை விசிறிபோல அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) அனுப்பும் ஓரக் கதிர்கள் வளைந்து, சமமான கடல் தரை சிரிக்கும் வாய்போலவோ சுளித்த வாய்போலவோ தெரியும். அப்படித் தெரிந்தால் தரையைச் சந்தேகிக்காதீர்கள். ஒலிவேகத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஒலி அனுப்பிக் கடல் தரைக்கு அடியில் உள்ள அடுக்குகளைப் பார்க்கும் நில அதிர்வுப் பதிவில் புதியவர்களைப் பிடிக்கும் பொறி மல்ட்டிபிள். ஒலி தரையில் பட்டு, நீர்மட்டத்தில் பட்டு, மறுபடி தரைக்குப் போய்த் திரும்புகிறது. தரை 0.2 வினாடியில் இருந்தால் சரியாக 0.4ல் இன்னொரு கோடு வரும். அதை ஓர் அடுக்கு என்று வண்ணம் பூசிவிடுவார்கள். எந்தக் கோட்டையும் அடுக்கு என்று குறிக்கும் முன் தரையின் நேரத்தை இரண்டால் பெருக்கி அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரை ஒரு மடங்கு சாய்ந்தால் மல்ட்டிபிள் இரண்டு மடங்கு சாயும். இது இன்னொரு அடையாளம்.

கப்பலில் ஈர்ப்பு அளக்கும்போது ஈட்வோஷ் திருத்தம் வரும். கிழக்கே போகும் கப்பல் பூமி சுழலும் திசையிலேயே ஓடுவதால் அதன் எடை சற்றுக் குறைகிறது. 12 பாகை வட அட்சரேகையில் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் கிழக்கே போனால் திருத்தம் ஏறக்குறைய 74 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு). வேகத்தில் 0.1 நாட் தவறினாலே முக்கால் மில்லிகால் பிழை. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள்: வழிகாட்டிக் கருவியின் துல்லியம்தான் ஈர்ப்பின் துல்லியம். காந்தமானியைக் கப்பல் நீளத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் பின்னால் இழுத்துக்கொண்டு போவதும் இதே மாதிரிக் காரணத்தால்தான். கப்பலே ஓர் இரும்பு மலை.

சேற்றின் துகள் அளவு காண்பதில் கவனம் இன்னும் நுணுக்கமாக வேண்டும். சாம்பிளை 60 டிகிரியில் உலர்த்துங்கள், 110ல் வைத்தால் களிமண் சுட்ட ஓடாகக் கட்டிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடில் கரிமப் பொருளை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் உப்பு போகும் வரை கழுவி, துகள்களைப் பிரித்து வைக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் ஈரமாகவே சலிக்க வேண்டும். சல்லடை தாண்டிய சேற்றை ஒரு லிட்டர் சிலிண்டரில் கலக்கிவிட்டு, குறித்த நேரத்தில் குறித்த ஆழத்திலிருந்து பிப்பெட்டால் எடுத்து எடை பார்ப்பார்கள். உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால் வீட்டில் பாட்டிலில் பார்த்தது சிலிண்டருக்குள் நடக்கும்: களிமண் திரண்டு, பெரிய துகள்போல வேகமாக இறங்கி, பொய்யான எண் தரும்.

பிப்பெட் எடுக்கும் நேரத்தில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. புத்தக அட்டவணை பெரும்பாலும் 20 டிகிரிக்குப் போட்டது. அதன்படி 8 ஃபை (ஏறக்குறைய 4 மைக்ரான்) துகளுக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 2 மணி 3 நிமிடம். நம்மூர் ஆய்வகத்தில் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். பாகுத்தன்மை குறைவதால் துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் முன்பாகவே அந்த ஆழத்தைத் தாண்டிவிடும். சிலிண்டரில் வெப்பமானியை வைத்து நேரத்தைத் திருத்துங்கள். பிப்பெட்டில் வரும் 20 மில்லியில் ஃபாஸ்ஃபேட்டும் இருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் 0.1 கிராம் கழிக்க வேண்டும். நுண்ணிய துகளின் எடையே அவ்வளவுதான் இருக்கும் என்பதால், கழிக்க மறந்தால் களிமண் அளவு இரட்டிப்பாகக்கூட ஆகலாம்.

தேர்வுகளும் வேலையும்

இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போக யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைண்ட் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு. வயது 21 முதல் 32, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு. முதல்நிலையில் பொது அறிவு 100, பாடம் 300 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் 200 மதிப்பெண் வீதம் மூன்று தாள், விரிவாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழ் வழி மாணவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள், பாடம் தெரியாமல் அல்ல, எழுதிப் பழகாமல். எம்.எஸ்சி. முதல் மாதத்திலிருந்து வாரம் ஒரு கேள்விக்குப் படத்தோடு விடை எழுதித் திருத்தி வாங்குங்கள். கடலுக்கென்று அந்த நிறுவனத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. தலைமையிடம் மங்களூரு, சமுத்ர ரத்னாகர் அதன் ஆய்வுக் கப்பல்.

ஐ.ஐ.டி.கள் நடத்தும் கேட் தேர்வில் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் ஒரே தாள், உள்ளே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட்; ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறினால் ஆய்வு உதவித்தொகை, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். 1966ல் தொடங்கிய, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகமும் ஆய்வு மாணவர்கள் போகும் முக்கிய இடங்கள். மத்திய இந்தியப் பெருங்கடலில் பலவுலோக முடிச்சுகளுக்காக (கடல் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகள்) இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 75,000 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் வாயு ஹைட்ரேட் (மீத்தேன் அடங்கிய பனிக்கட்டி போன்ற பொருள்) ஆகிய இரண்டையும் நேர்முகத் தேர்வுக்கு முன் நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள்.

முதல் கப்பல் பயணம்

வாய்ப்பு பெரும்பாலும் ஆய்வு வழிகாட்டி வழியாக வரும். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே ஊர்க் கிணற்றில், தெரிந்தவர் துணையோடு, கற்றுக்கொள்ளுங்கள். கேபின் சிறியது, பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். வழுக்காத, கால்விரல் மூடிய காலணி, கண்ணாடி அணிபவர்கள் அதற்கொரு கயிறு. கடல் மயக்கம் முதல் இரண்டு மூன்று நாள் இருக்கும். மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு.

கிராவிட்டி கோர், அதாவது தன் எடையால் கடலடிச் சேற்றுக்குள் இறங்கிச் சேற்றுத் தூணை எடுத்துவரும் குழாய், மேலே வரும்போது தளத்தில் எல்லோரும் ஓடுவார்கள். உங்கள் வேலை நிதானம். உள்ளே இருக்கும் பி.வி.சி. குழாயை வெளியே எடுத்ததும் சேற்றுக்கு மேல் கடல் நீர் நிற்கும். சாய்த்துக் கொட்டாதீர்கள், மேலிருக்கும் சில சென்டிமீட்டர் குழைந்த சேறு, அதாவது மிக அண்மைக் காலம், அதோடு போய்விடும். சேறு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே குழாயில் சிறு துளை போட்டு நீரை வடியுங்கள். ஒரு மீட்டர் துண்டுகளாக அறுக்கும் முன்பே குழாய் நெடுக மேல் நோக்கி அம்புக்குறி போடுங்கள். நிலைய எண், கோர் எண், துண்டு எண், 0–100, 100–200 என்ற அளவு எல்லாவற்றையும் அழியாத பேனாவால் குழாயின் மேலேயே எழுத வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் மாறிப்போகும். ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் படிந்த இடத்தில் எடுத்த 5 மீட்டர் கோர் 50,000 ஆண்டு. ஒரு துண்டு தலைகீழானால் அதில் 10,000 ஆண்டு பின்னோக்கி ஓடும்.

நேரம் எழுதுவதில்தான் நல்ல மாணவர்களும் தவறுகிறார்கள். கருவிகள் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன; கையில் கட்டிய கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது. இடைவெளி ஐந்தரை மணி. 10 நாட் வேகத்தில் கப்பல் அதற்குள் 55 கடல் மைல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போயிருக்கும். நோட்டில் எழுதிய நேரத்தை வைத்து இடத்தைத் தேடினால் சாம்பிள் எடுக்காத ஓரிடத்தைக் காட்டும், நள்ளிரவை ஒட்டிய வேலையில் தேதியும் மாறிவிடும். பக்கத்தின் தலையில் யு.டி.சி. என்று எழுதிவிட்டு, கைக்கடிகாரத்தையும் அதற்கே மாற்றிவிட்டு, அப்புறம் முதல் வரியைத் தொடங்குங்கள்.